பாறைக்கு வலப்பக்கம் மூன்று விரல்

போர்ட் பிளேர்வரை கடலுக்கு அடியில் கேபிள் போட்டு, போனில் படம் நிற்காமல் ஓட ஆரம்பித்ததே, அதற்கு அடுத்த மழை முடிந்த சமயம். வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் இங்கே போனில் ஒரு படத்தைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் ஒரு கூடை மீனைக் கழுவிவிடலாம். இப்போது என் மருமகள் குழம்பு வைப்பதுகூட போனைப் பார்த்துத்தான். கேபிள் வந்ததற்கு அடுத்த அந்தச் சமயத்தில்தான் எங்கள் முனையில் நிற்கும் லைட்ஹவுஸுக்குப் புதிதாக வெள்ளையடித்து, படிகளுக்குக் கைப்பிடி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம் என்று கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

கலங்கரை விளக்கம் என்று எழுதலாமா என்று டீச்சரம்மா கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் அவர்தான், எனக்கு எழுத வராது. எங்கள் கரையில் யார் வாயிலும் அந்தப் பெயர் வந்ததில்லை, லைட்ஹவுஸ் என்றே இருக்கட்டும் என்றேன்.

அது வெள்ளைக்காரன் காலத்தது. கல் இல்லை, சிமெண்டு இல்லை, முழுக்க இரும்பு. தகடு தகடாகக் கப்பலில் கொண்டுவந்து, கைதிகளை வைத்து மேட்டில் ஏற்றி, போல்ட்டு போட்டு முடுக்கி நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்தபோதே அது பழையதாகத்தான் நின்றதாம். வெள்ளை உடம்பு, இடுப்பில் சிவப்பாக ஒரு பட்டை. நான் சின்னவனாக இருந்தபோது அங்கே காவலுக்கு இருந்தவர் ஒரு மலையாளி. அவர் வாத்து வளர்த்தார். வாத்துகள் மேட்டிலிருந்து வரிசையாக இறங்கி எங்கள் கரைக்கு மீன்குடல் தின்ன வரும். சாயங்காலம் அவர் ஒரு குச்சியோடு வந்து, எங்களிடம் ஒன்றும் பேசாமல், வாத்துகளை மட்டும் திட்டி ஓட்டிக்கொண்டு போவார். ஒரு வாத்து குறைந்தால் மறுநாள் எங்களையும் சேர்த்துத் திட்டுவார். குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நாங்கள்தான்.

அந்த லைட்ஹவுஸைப் பார்த்துத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் கரை சேர்ந்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் போனதில்லை. எங்களுக்கு அதன் விளக்கு தேவைப்பட்டதும் இல்லை. விளக்கு கப்பல்காரர்களுக்கு. நாங்கள் விடிவதற்கு முன் போய் வெளிச்சத்திலேயே திரும்புகிறவர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தத் தூண் நிற்கும் இடம்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் கரைக்கு முன்னால் நீளமாகப் பவளப் பார் கிடக்கிறது. தண்ணீர் வற்றும்போது அதன் முதுகு தெரியும், ஏறும்போது தெரியாது. டோங்கி, அதாவது எங்கள் சின்ன இஞ்சின் படகு, வந்து போக அதில் ஒரே ஒரு திறப்பு. அதை வாய் என்போம். ரெண்டு டோங்கி அகலம்கூட இருக்காது. வெளியே அலை மடியும் இடத்துக்குச் சற்று முன்னால் டோங்கியை நிறுத்தி, முனையைப் பார்க்க வேண்டும். முனையின் அடியில், தண்ணீர் ஓரமாக, பிளந்த பாறை ஒன்று உண்டு. அதன் நேர் மேலே லைட்ஹவுஸ் வந்து உட்கார்ந்தால் நாம் வாய்க்கு எதிரே இருக்கிறோம் என்று அர்த்தம். உடனே இஞ்சினைக் கொடுத்து நேராக உள்ளே வந்துவிடலாம். அப்பா எனக்குக் காட்டியது இதுதான். பாறை மேல் லைட்ஹவுஸ். இதில் யாரும் தப்பு பண்ண முடியாது.

சுனாமி வந்து அந்த வாயை அடைத்துவிட்டது. பவளக் கல்லைப் பேர்த்துப் புரட்டி உள்ளே தள்ளிவிட்டது. அது மட்டுமா, நிலமே கீழே இறங்கி, சௌல்தாரி போகிற வழியில் எவ்வளவோ நெல்வயல் உப்புத் தண்ணீராகக் கிடந்தது. எங்கள் வீடுகளும் போய்விட்டன. தகரக் கொட்டகையில் இருந்தோம். அங்கே எல்லாப் பாஷைக்காரர்களும் ஒன்றாக இருந்ததில் என் இந்தி நன்றாக ஆனது, அது ஒன்றுதான் லாபம். மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தபோது பார் மேல் எங்கே புகுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பதினைந்து இருபது நாள், தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து, மூங்கிலைக் குத்திக் குத்தி ஒரு புது வாயைக் கண்டுபிடித்தேன். பழைய வாய்க்கு வடக்கே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் லைட்ஹவுஸ் பாறை மேல் இருக்காது, வலப்பக்கம் தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி என்றால், கையை நேராக நீட்டி விரல்களை நிமிர்த்திப் பிடித்தால், பாறைக்கும் லைட்ஹவுஸுக்கும் நடுவில் மூன்று விரல்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான் முக்கியம். மூன்று விரல் என்றால் என் மூன்று விரல். எனக்குக் கை குட்டை, விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி தடிப்பு. இன்னொருத்தருக்குக் கை நீளமாக, விரல் ஒல்லியாக இருந்தால் கணக்கு மாறிவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். விரல் கணக்கில் அடையாளம் சொன்னால், சொன்னவன் கேட்டவனோடு ஒருமுறை கடலுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை நீட்ட வேண்டும். எனக்கு மூணு, உனக்கு நாலு என்று சரி பண்ணிக் கொடுக்க வேண்டும். கை ஒத்துப் பார்ப்பது என்போம். போக முடியாவிட்டால் கரையிலேயே, எதிரே தெரியும் ரெண்டு தென்னையைக் குறியாக வைத்தாவது ஒத்துப் பார்த்துவிடுவோம். அதைச் செய்யாமல் விரல் கணக்கு சொல்கிறவன் சொல்லாதவனுக்குச் சமம். இல்லை, அவனைவிட மோசம்.

புது வாயை நான் கரையில் எல்லாருக்கும் கை ஒத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரருக்கு நாலு விரல். அவர் அண்ணனுக்கு மூன்றரை. இப்படி ஒவ்வொருவருக்கும். கொடுக்காத ஆள் ஒருவர்தான். என் தங்கச்சி புருஷன்.

எங்களுக்குள் அப்போது பேச்சு சரியில்லை. அவருடைய மூத்த மகளுக்கு, தீவின் வடக்குக் கோடியில் இருக்கிற திக்லிபூரில் ஒரு வங்காளிப் பையனைப் பார்த்து முடித்துவிட்டார். பையன் நல்ல பையன், அதில் குறையில்லை. இந்தத் தீவில் யார் யாரையோ கட்டிக்கொள்கிறார்கள், என் வீட்டிலேயே ஒரு மருமகள் ராஞ்சிக்காரி. என் கோபம் வேறு. நான் தாய்மாமன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் தேதி குறித்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு போன் இல்லை, கப்பல் நேரத்துக்கு இல்லை, சொல்ல முடியவில்லை என்று தங்கச்சி சொன்னாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கல்யாணம் முடிந்து, சில மாதம் அங்கேயே இருந்துவிட்டு அவர் கரைக்குத் திரும்பி வந்தபோது, மற்ற எல்லாரும் புது வாயில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் நான் வலையைப் பிரித்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாலைந்து பேர். அவர் வந்து என் எதிரே நின்றார்.

"மச்சான், புது வாய்க்கு என்ன அடையாளம் வச்சிருக்கீரு?"

"பாறைக்கு வலப்பக்கம் மூணு விரல்" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

"மூணுதானா?"

"மூணுதான்."

அவர் போகவில்லை. கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தெலுங்குக்காரர் பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார், "அரே பாய், ரெண்டு பேரும் ஹாத் நீட்டிப் பாருங்கப்பா. ரெண்டு மினிட் வேலை."

நான் சொன்னேன்: "அவருக்கு எதுக்கு? பொண்ணு குடுக்கவே யாரையும் கேக்காத ஆளு. விரலு அளக்கவா நம்மகிட்ட வரப்போறாரு?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் கையைக் கீழே விட்டார். "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். அவர் ஒல்லி, நல்ல உயரம். நடக்கும்போது கை முட்டிக்குக் கீழே தொங்கும். அந்தக் கையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வலையில் அடுத்த கண்ணைப் பிடித்தேன்.

அன்றைக்கே என்றால் கதை மாதிரி இருக்கும். அப்படி இல்லை. மூன்று நாள் காற்று, யாரும் போகவில்லை. இந்த மூன்று நாளில் நான் நினைத்திருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்கள் ரெண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரு பலாமரமும் ஒரு தண்ணீர் டாங்கியும்தான். நாலாவது நாள் அவர் தனியாகத் தூண்டில் போடப் போனார். போகும்போது இருட்டில் மற்ற டோங்கிகளுக்குப் பின்னாலேயே வாயைத் தாண்டிவிட்டார். மத்தியானம் திரும்பி வரும்போது டோங்கியைப் பார் மேல் ஏற்றிவிட்டார். அவருடைய மூன்று விரல் அவரைப் பழைய வாய்க்குக் கிட்டே கொண்டுவந்துவிட்டது, சுனாமி தள்ளிய கல் முழுக்கக் கிடக்கிற இடம். டோங்கி ரெண்டாகப் பிளந்தது. அலை அவரைப் பவளத்தின் மேல் இழுத்து இழுத்துப் போட்டது. நாங்கள் ரெண்டு டோங்கியில் போய்த் தூக்கினோம். இடது முழங்கால் கிழிந்து எலும்பு தெரிந்தது.

கரையில் உட்கார வைத்து நான்தான் காலைக் கழுவினேன். அவர் காலைப் பார்க்கவில்லை. முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு பொய் சொல்லிருச்சு மச்சான்" என்றார். "மூணு விரலு சரியாத்தான் வச்சேன். வச்ச மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. நீரு சரியாத்தான் சொன்னீரு. எனக்குத்தான் கண்ணு போச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "விடும் மாப்ளே, வயசானா எல்லாருக்கும் வாரதுதான்" என்றேன்.

அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

கால் ஆறிவிட்டது, லேசாக விந்துவார். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒன்று உண்டு. குறி பார்க்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினவன் பின்னால் உட்கார்ந்து இஞ்சின் பிடிக்க முடியாது, அவனோடு யாரும் கடலுக்கு வரமாட்டார்கள். கரையில் கிண்டல் வேறு. "மாப்ள, ஆட்டோ லைசென்சுக்கே கண்ணு செக் பண்றானாம்" என்றான் ஒருத்தன். நானும் அங்கேதான் இருந்தேன். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் அவர் நம்பவில்லை. "போர்டுல எழுத்து அசையாம நிக்குது, படிச்சிட்டேன். கடல்ல எல்லாம் அசையுதே" என்றார். அந்த வருஷமே இஞ்சினை விற்றுவிட்டு, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திக்லிபூர் போய்விட்டார். சம்பந்தி வீட்டுப் பாக்குத் தோட்டத்தில் வேலை. பிறந்ததிலிருந்து கடலைத் தவிர ஒன்றும் தெரியாத மனுஷன், பாக்கு உரிக்கக் கற்றுக்கொண்டார்.

அப்புறம் கோபம் தானாகப் போய்விட்டது. வருவோம், போவோம். அவருடைய சின்ன மகள் கல்யாணத்தில் என்னை முன்னால் நிறுத்திச் சீர் செய்ய வைத்தார். இது ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

இனி லைட்ஹவுஸ் ஏறின நாளைச் சொல்கிறேன். தங்கச்சி பல் பிடுங்க இங்கே வந்திருந்தாள். டெலானிபூரில் என் மகன் குவார்ட்டர்ஸில் நாலு நாள், என்னோடு நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, "அண்ணே, மேல ஏறிப் பாத்துட்டு வருவமா" என்றாள். எனக்கு முழங்கால் வலி, அவளுக்குக் கன்னம் வீக்கம். ரெண்டு பேரும் மெதுவாக ஏறினோம். இரும்புப் படி சுற்றிச் சுற்றிப் போகிறது. உள்ளே கொல்லன் பட்டறை மாதிரி சூடு.

மேலே வேலையில் இருந்தவன் பீகார்க்காரன். "தாத்தா, நீச்சே மத் தேக்கோ, சக்கர் ஆயேகா" என்றான். கீழே பார்த்தால் தலை சுற்றுமாம். நீ வேலைக்கு வருவதற்கு முன்னாலிருந்து நான் கீழேயிருந்து உன் லைட்ஹவுஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்போதெல்லாம் சுற்றாத தலை இப்போது சுற்றாது என்று இந்தியில் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு ஒரு ஸ்டூலைப் போட்டான்.

தண்ணீர் வற்றும் நேரம். மேலேயிருந்து பார் முழுவதும் தெரிந்தது, பழுப்பாக, யாரோ கம்பளியை நனைத்துப் போட்ட மாதிரி. அதற்கு நடுவில் நீலமாக ஒரு கோடு, நான் கண்டுபிடித்த வாய். அதற்குத் தெற்கே வெள்ளையாகக் கல் குவிந்த இடம். இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தங்கச்சி அந்த வெள்ளைக் கல்லையே பார்த்தாள். "அங்கதான அவரு ஏத்துனது" என்றாள். பிறகு, "இப்ப ஜெட்டிப் பக்கமே போறதில்ல அண்ணே. மீன் வாங்கக்கூட நான்தான் போறேன். இங்க வாரதுக்குப் பஸ்ஸ போட்டுல ஏத்துவாங்கல்ல, அந்தப் பத்து நிமிஷமும் கண்ண மூடிக்கிட்டே உக்காந்திருக்காரு. பேரனுக்குத் தலவலின்னா, என் கண்ணு அவனுக்கும் வந்துருச்சுன்னு அழுறாரு" என்றாள்.

அவள் கையை நீட்டினாள். வாயையும் கல்லையும் பார்த்து விரலை வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கி, தன் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். அவளும் கடல்காரன் மகள்தானே.

"அண்ணே, அன்னைக்கு அவருக்குக் கை ஒத்துப் பாத்தியா?"

"இல்ல" என்றேன்.

"ஏன்?"

"கோவத்துல."

பீகார்க்காரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தன வருசம் அந்த மனுசன் தன்னத்தான் வைஞ்சுக்கிட்டு கிடக்காரு" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, உன்னையும் காப்பாத்தி அவரையும் சமாதானம் பண்ணுதேன்னு நெனப்பாரு. நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவாரு."

இறங்கி வரும்போது அவள் முன்னால், நான் பின்னால். வீட்டுக்கு வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஊருக்குப் போகும்வரை அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை போன் பண்ணினேன். முதல் தடவை அவர் எடுத்ததும் மழை எப்படி என்று கேட்டேன். அங்கே நல்ல மழை என்றார், அதைப் பற்றியே பேசி முடிந்தது. ரெண்டாவது தடவை கப்பல் டிக்கெட் பற்றிப் பேசினோம். மூன்றாவது தடவை, "மாப்ளே, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "சொல்லும் மச்சான்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் உடம்பு எப்படி என்று கேட்டு வைத்துவிட்டேன். திக்லிபூருக்குப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும், இப்போது என் இடுப்புக்கு அது ஆகாது.

டீச்சரம்மாவுக்குத் திக்லிபூர் ஸ்கூலுக்கு ட்ரான்ஸ்பர் வந்திருக்கிறது. போக இஷ்டமில்லாமல்தான் போகிறார். எனக்கு அது உதவியாக அமைந்துவிட்டது. அதனால்தான் ரெண்டு நாளாக அவரை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்கிறேன். வாத்துக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்டார். இருக்கட்டும், அந்த வாத்தில் ஒன்றை என் தங்கச்சி புருஷனும் தின்றிருக்கிறார்.

டீச்சரம்மா, போய் இறங்கி, சாமானெல்லாம் அடுக்கின பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போங்கள். மார்க்கெட்டில் இறங்கி என் தங்கச்சிக்குப் போன் பண்ணினால் வந்து கூட்டிப் போவாள். சம்பந்தி வீட்டு ஆட்கள் இருக்கும்போது வேண்டாம். அவரும் தங்கச்சியும் மட்டும் இருக்கும்போது இதை முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள். இடது காது கொஞ்சம் மந்தம், வலது பக்கம் உட்காருங்கள். அவர் கண் அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது, என் மூன்று விரல் அவர் கைக்கு ஐந்து விரல், அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்கிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை படியுங்கள். நடுவில் எழுந்து போனால் போக விடுங்கள், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து படியுங்கள். என்னைத் திட்டினால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் காதில் இது விழ வேண்டும். சொல்லிவிடுங்கள் டீச்சரம்மா.